எல்சாவுக்குப் பட்டா உண்டா?

34 வருடம் சர்வேயராக நிலம் அளந்தவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் ஒரு வியாதி விடுவதில்லை. எங்கே காலை வைத்தாலும் கண் எல்லைக்கல்லைத் தேடும். கல்யாணத்துக்குப் போனால் மேளம் காதில் விழாது. பந்தலின் தென்மேற்குக் கால் பொதுப்பாதையில் ஒன்றரை அடி இறங்கி நிற்பதுதான் தெரியும். அதைப் பெண்ணின் தகப்பனாரிடம் சொல்லிவைத்த இரண்டு கல்யாணங்களில் எனக்குத் தாம்பூலப் பை கிடைக்கவில்லை.

இந்த வியாதியோடுதான் போன வருடம் புளோரிடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனேன். பக்கத்திலேயே ஓர்லாண்டோ. அங்கே டிஸ்னி வேர்ல்ட். பூங்கா என்பார்கள், நம்பாதீர்கள். பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு குறுவட்டம். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள். அதில் ஒன்று எப்காட்.

“அப்பா, ஒரே நாள்ல 11 நாடு பாத்துடலாம்ப்பா” என்றாள் மகள். ஒரே ஒரு நாட்டின் விசாவுக்காக விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவனிடம் இப்படிச் சொன்னால் ஆசை வராதா?

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரு ஏரி. அதைச் சுற்றிச் சுமார் 2 கிலோமீட்டர் நடைபாதை. கரையோரம் வரிசையாக நாடுகள்: மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி என்று தொடங்கிக் கனடாவில் முடியும். 1982 அக்டோபர் 1-ஆம் தேதி பூங்காவைத் திறந்தபோது ஒன்பது நாடுகள். 1984-இல் மொராக்கோ சேர்ந்தது, 1988-இல் நார்வே. அதற்குப் பிறகு எந்த நாட்டுக்கும் புதிதாக மனை ஒதுக்கவில்லை. இந்த விவரமெல்லாம் மாப்பிள்ளை உபயம். நான் கேட்கக் கேட்க அவர் போனில் தேடி வாசித்துக்கொண்டே வந்தார். நல்ல கிராம உதவியாளர் அமைந்தால் சர்வே பாதி முடிந்த மாதிரி.

முதல் மனை மெக்சிகோ. வெளியே பிரமிட், உள்ளே எந்நேரமும் அந்திப்பொழுது, கடைவீதி, ஓரமாக ஒரு படகுச் சவாரி. மெக்சிகோவைச் சுற்றிக் காட்டப்போகிறார்கள் என்று நினைத்து ஏறினால், எதிரே டொனால்ட் டக். 1944-இல் வந்த ஒரு படத்தில் மூன்று பறவைகள் கூட்டாளிகளாம்; அவர்களை 2007-இல் இங்கே குடிவைத்திருக்கிறார்கள். டொனால்ட் அமெரிக்க வாத்து. இன்னொருவர் பிரேசில் கிளி. மூன்றாமவர் மட்டும்தான் மெக்சிகோ சேவல். சரி, கூட்டுப் பட்டா. மூவரில் ஒருவராவது உள்ளூர்க்காரர். மனதுக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன்.

அடுத்தது நார்வே. அங்கேதான் வில்லங்கம்.

என் பேத்திக்கு எட்டு வயது. அன்று காலை அவள் எல்சா உடையில் வந்திருந்தாள். எல்சா என்பவள் ‘ஃப்ரோசன்’ படத்து ராணி. கையை நீட்டினால் பனி கொட்டும். புளோரிடா வெயிலில் முழுக்கை, இடுப்புக்குக் கீழே மூன்று அடுக்குத் துணி, முதுகில் தொங்கும் அங்கி. பனி ராணியின் நெற்றியில் வியர்வை ஓடி மைப்பொட்டு காது வரை போயிருந்தது. அந்தக் கோலத்தோடு ஒரு மணி பத்து நிமிடம் வரிசையில் நின்றோம். படகில் ஏறினோம். எல்சா பாடினாள், படகு பின்பக்கமாக ஓடியது, என் மனைவி என் சட்டைக் காலரைப் பிடித்தாள், சவாரி முடிந்தது.

இறங்கியதும் கேட்டேன். “ஏன் மாப்பிள்ளை, இந்தப் பொண்ணு நார்வேக்காரிதானே?”

“இல்ல மாமா. அரெண்டெல். கற்பனை ஊரு. நார்வே மாதிரி வரைஞ்சிருப்பாங்க.”

“சரி, கதையாவது நார்வேக் கதையா?”

போனைத் தட்டினார். “ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதின ‘பனி ராணி’தான் மூலமாம். 1844. ஆனா அவரு டென்மார்க், மாமா.”

நான் நடைபாதையிலேயே நின்றுவிட்டேன். குடியிருப்பவள் இல்லாத ஊர்க்காரி. மூலப்பத்திரம் பக்கத்து நாட்டில். அனுபவத்தில் இருப்பது நார்வே மனை. என் சர்வீசில் இப்படி மூன்றும் மூன்று திசையில் இருக்கும் கேஸ் நாலைந்துதான் பார்த்திருக்கிறேன். அத்தனையும் கோர்ட்டுக்குப் போனவை.

மாப்பிள்ளை சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். “1814 வரைக்கும் நார்வே டென்மார்க் ராஜாகிட்டதான் இருந்திருக்கு மாமா. ரெண்டும் ஒண்ணுதான்.”

“மாப்பிள்ளை, 1814-ல உட்பிரிவு ஆயிடுச்சு. 30 வருஷம் கழிச்சு எழுதின பத்திரத்தைக் காட்டிப் பழைய நம்பர்ல பாத்தியம் கேக்க முடியாதுங்க.”

முன்பு அங்கே யார் குடியிருந்தார்கள் என்று விசாரித்தேன். 1988 முதல் 2014 வரை அதே இடத்தில் அசல் நார்வேச் சவாரி ஒன்று ஓடியிருக்கிறது. வைக்கிங்குகள், மூன்று தலைப் பூதம், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை. பூதம் சபித்ததும் படகு பின்வாங்கும். அதை மூடி, 2016 ஜூன் மாதம் எல்சாவைக் குடியேற்றினார்கள். வாய்க்கால் அதே, படகு அதே, பின்வாங்குவதும் அதே. பட்டாதாரர் பெயர் மட்டும் மாறிவிட்டது. புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு பி மெமோ கொடுப்போம். இது அதைவிட மோசம். குடியிருந்த பூதத்தையே கிளப்பிவிட்டு நுழைந்திருக்கிறாள். அந்தப் பூதத்துக்காக எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. மூன்று தலை இருந்தும் ஆட்சேபணை மனு எழுத ஒன்றுக்கும் தோன்றவில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். பழைய சவாரி முடிந்ததும் நார்வேயைப் பற்றி ஐந்து நிமிடப் படம் ஒன்று போடுவார்களாம். பல பேர் உட்காரவே மாட்டார்களாம். அந்தக் கதவில் நுழைந்து இந்தக் கதவில் வெளியேறிவிடுவார்களாம். பட்டா சுத்தமாக இருந்தும் நிலம் தரிசு.

மனைவி இதற்குள் பக்கத்து பேக்கரியில் ஒரு பன் வாங்கி வந்திருந்தாள். நார்வேயில் அதற்குப் பள்ளிக்கூட ரொட்டி என்று பெயராம். ஏலக்காய் போட்ட மாவு, நடுவில் கஸ்டர்ட், மேலே தேங்காய்த்துருவல். பாதியைப் பேத்திக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். 11 நாடு சுற்றினாலும் நம் பெண்களின் கைப்பை எங்கள் மன்னார்குடியில்தான் இருக்கும்.

சீனாவில் முலான்: வில்லங்கமில்லை. ஜெர்மனியில் ஸ்னோ ஒயிட்: கிரிம் சகோதரர்கள் காலத்திலிருந்தே பூர்வீகச் சொத்து. பிரான்சில், ஒரு படத்தில் சமைக்கும் எலிக்கு 2021-இல் ஒரு சவாரி கட்டியிருக்கிறார்கள். சமையலறையில் எலிக்கு இடம் உண்டா என்பது வேறு துறை. பாரிசில் உண்டா என்பதுதான் என் துறை. அந்தப் படத்து எலி பாரிசை விட்டு வேறெங்கும் போய்ப் பிழைக்க முடியாது. பட்டா வழங்கலாம்.

மொராக்கோவில்தான் மறுபடி தலை சுற்றியது. அந்த மனையில் ஓடு பதிக்க அந்நாட்டு மன்னரே தம் கைவினைஞர்களை அனுப்பிவைத்தாராம். சுவரைத் தடவிப் பார்த்தேன்; அவ்வளவு அசல். அதற்குள் வந்து போட்டோவுக்கு நிற்பது அலாவுதீன் படத்து ஜாஸ்மின். அவள் ஊர் அக்ரபா, அதுவும் கற்பனை. மூலப்பத்திரத்தைக் கிளறியதில் மாப்பிள்ளைக்கே வியர்த்துவிட்டது. அலாவுதீன் கதையைச் சொன்னவர் சிரியாக்காரர். அதைக் கேட்டு எழுதியவர் பிரெஞ்சுக்காரர். எழுதிய கதையில் அலாவுதீன் பிறந்த ஊர், சத்தியமாகச் சொல்கிறேன், சீனாவில் இருக்கிறது! சீன மனையைத் தாண்டி வந்து ஒரு மணி நேரமாகிறது. புருஷன் வீட்டைக் கடந்து வந்து நிற்கிறாள் அந்தப் பெண், யாரும் சொல்லவில்லை.

இருட்டும் நேரத்தில் பூங்காவின் முன்பகுதிக்குத் திரும்பினோம். அங்கே முன்பு எரிசக்தியைப் பற்றிப் பாடம் சொன்ன இடத்தில், 2022 முதல் ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ ஆட்களின் ரோலர்கோஸ்டர் ஓடுகிறது. விண்வெளிச் சண்டைக்காரர்களுக்கு இங்கே என்ன வேலை? அதற்கும் காரணம் தயாராக வைத்திருக்கிறார்கள். நார்வே, ஜப்பான் மாதிரி ஜாண்டார் என்ற வேற்றுக்கிரகமும் எப்காட்டில் ஒரு கூடம் திறந்திருக்கிறதாம். விண்ணப்பம் எழுதிக் கொடுத்த எழுத்தரின் கைகளுக்கு மோதிரம் போடலாம். ஆனால் 1967-இல் போட்ட சர்வதேச ஒப்பந்தப்படி விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது. அதாவது நிலாவிலிருந்து மேலே போகப் போக அத்தனையும் புறம்போக்கு. ஜாண்டார் அதில் கையெழுத்துப் போடவில்லை என்று மாப்பிள்ளை வாதாடினார்.

அவரும் மகளும் பேத்தியும் அதில் ஏறப் போனார்கள். பைகளோடு நாங்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் காலையிலிருந்து கண்ட ஆக்கிரமிப்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி காகிதத்தைப் பிரித்துப் பாதி பன்னை என்னிடம் நீட்டினாள். சாப்பிட்டேன்.

“நல்லாருக்கா?”

“ரொம்ப நல்லாருக்கு. நார்வேயில பார்த்ததிலேயே இதுதான் அசல்.”

“ஏங்க, நார்வேயில ஏலக்காய் விளையுதா?”

நான் மெல்வதை நிறுத்தினேன்.

“தென்னமரம் இருக்கா அங்க? பனியில எங்க காய்க்கும்? இது ரெண்டும் கப்பல்ல போயி எத்தனை தலைமுறையா அவங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குத் தின்னுட்டுப் போயி, இப்ப நார்வே ரொட்டி ஆயிடுச்சு. இதை மட்டும் ஏன் அளக்க மாட்டேங்கிறீங்க? அந்தப் புள்ள எல்சாவும் இன்னும் கொஞ்ச நாள் பாடினா ஏலக்காய் ஆயிடுவா, விடுங்க.”

அனுபவ பாத்தியம் என்று சட்டத்தில் ஒன்று இருப்பதை, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எனக்கு எடுத்துச் சொல்கிறாள். சர்வீஸ் முழுக்க என்னோடு குடித்தனம் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட சட்ட அறிவாக இருக்கலாம். எனக்குத்தான் ஒட்டவில்லை போலிருக்கிறது.

ஆகவே தீர்ப்பைத் திருத்தி எழுதுகிறேன். எல்சா: வரன்முறை செய்யலாம், பூதத்துக்கு மாற்று இடம் தர வேண்டும். எலி: பட்டா. ஜாஸ்மின்: அலாவுதீனையும் அழைத்து விசாரிக்கும் வரை கோப்பு நிலுவை. ஜாண்டார்: என் மனைவி எத்தனை பன் வாங்கிக் கொடுத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக உரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சீனாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஒரு மனை காலியாகக் கிடக்கிறது. ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு காலத்தில் திட்டமிட்டு, கட்டாமலே விட்டுவிட்ட இடம். இப்போது சின்னக் கடை மட்டும் இருக்கிறது. அந்த 11 நாடுகளில் இந்தியா இல்லை. இடத்தை நமக்குக் கேட்கலாம். ஆனால் கொடுத்த மறுநாளே கதையில் வரும் காட்டுப் பையன் மௌக்ளியைக் கூட்டி வந்து குடிவைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கிப்ளிங் அவனைப் பற்றி எழுதியது அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில் உட்கார்ந்து. புத்தகம் வந்தது 1894-இல். விசாரணைத் தேதி முடிவானால் எனக்கு ஒரு வரி தெரிவியுங்கள். டேப் என்னிடம் இருக்கிறது. தங்குவதற்கு மகள் வீடு இருக்கிறது.