ஒரு வருஷம் கழித்து வாங்க

எண்பதுகளின் நடுவில், தென்மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடி பவர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கு அப்போது எழுதிக்கொடுத்தது பெரும்பாலும் ஒரே பவர்தான்: பிளஸ் பத்து. புரை விழுந்த லென்ஸைக் கடுங்குளிரூட்டிய ஒரு முனையில் ஒட்டவைத்து, உறையோடு முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். கண்ணுக்குள் லென்ஸ் என்று ஒன்றும் மிஞ்சாது. அது செய்த வேலையை மூக்கின்மேல் உட்காரும் தடித்த கண்ணாடி செய்ய வேண்டும். சோடாபுட்டி என்று தெருப்பிள்ளைகள் கேலி செய்தது அதைத்தான்.

கேலியைவிடப் பெரிய கஷ்டம் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. அதன் வழியே எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவதால் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். நேரான தூண் வளையும். விளிம்பைச் சுற்றி ஒரு வட்டப் பகுதி அறவே தெரியாது. எதிரே வருகிற ஆள் அதற்குள் மறைந்து, திடீரென்று முகத்துக்கு முன்னால் வந்து நிற்பார்.

மறுபரிசோதனைக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பத்தாவை இன்னும் மறக்கவில்லை. சார்ட்டில் ஏறக்குறையக் கடைசி வரிவரைக்கும் ஆங்கில ‘E’ எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டிவிட்டார். 6/9 என்று எழுதினேன். வெளியே போகும் வழியில் மூன்று படி. முதல் படியில் நின்று, காலை அந்தரத்தில் நீட்டித் துழாவினார். “படி மேல எந்திரிச்சு வருது தாயி” என்றார். உட்காரவைத்து டீ கொடுத்தோம். நீட்டிய கை டம்ளரை எட்டுவதற்கு முன்பே மூடிக்கொண்டது. அப்புறம் இடது கையால் மேசை விளிம்பைத் தொட்டு, அதன் வழியே விரலை நகர்த்திக்கொண்டு போய் டம்ளரைப் பிடித்தார். வீட்டில் தானாகவே பழகிக்கொண்டது அது. கண்ணாடிக்கு ஒரு பக்கக் காம்பு இல்லை. நூலால் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். அது உடைந்தால் மறுபடியும் இருட்டுதான்.

எங்கள் பதிவேட்டில் அந்த அப்பத்தா வெற்றிக் கணக்கில் இருந்தார். எழுதிய எண்ணில் தப்பில்லை. படியில் கால் எங்கே வைக்கிறார், அடுப்படியில் கை எங்கே போகிறது என்று கேட்க அந்தத் தாளில் கட்டமே இல்லை.

இத்தனைக்கும் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கலாம் என்பது உலகத்துக்குப் புதுசல்ல. 1949 நவம்பர் 29 அன்று, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதல் லென்ஸை வைத்துவிட்டார். போரில் விமானிகளின் கண்ணில் விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் தைத்துக்கிடந்தும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்று பார்த்த மனிதர் அவர். கண்ணிலிருந்து வேண்டாததை எடுப்பதுதான் டாக்டர் வேலை, உள்ளே எதையும் வைப்பதல்ல என்று சொந்த ஊர்ப் பெரியவர்களே பல வருஷம் அவரை ஒதுக்கினார்கள். முதுமையில் அதே மருத்துவமனையில் தன் கண்ணிலும் லென்ஸ் வைத்துக்கொண்டார். ‘சர்’ பட்டம் 2000-இல் வந்தது. மறுவருஷம் போய்ச் சேர்ந்தார்.

நம் ஊரில் தடை வேறு மாதிரி வந்தது. லென்ஸ் வைப்பது பணக்காரர் சமாச்சாரம், முகாமுக்கு வருகிற ஏழைக்குக் கண்ணாடி போதும் என்பது பொதுப் பேச்சு. அதைச் சொன்னவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. புரையால் பார்வை இழந்து காத்திருப்பவர்கள் லட்சக்கணக்கில். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்கிற ஆபரேஷனுக்கு நேரம் கூடுதல். லென்ஸ் வைக்க வேண்டுமானால் பின்பக்க உறையைக் கண்ணிலேயே விட்டுவைக்க வேண்டும். அது நாளாக ஆக மங்கக்கூடும். மங்கினால் கிராமத்து ஆள் திரும்பி வருவாரா? கண்ணுக்குள் புண்பட்டால் யார் பார்ப்பது? நியாயமான கேள்விகள். ஆனால் ஒவ்வொரு பெரிய டாக்டரும் தன் அனுபவத்தை வைத்து ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதில் மதுரையிலிருந்து வந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், தொண்ணூறுகளில் நடந்தது மதுரை உள்விழி லென்ஸ் ஆய்வு. 40 முதல் 75 வயதுக்குட்பட்ட, இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை குன்றிய 3,400 பேர் சேர்ந்தார்கள். யாருக்குப் பழைய ஆபரேஷனும் கண்ணாடியும், யாருக்கு உள்ளே வைக்கிற லென்ஸ் என்பதை டாக்டரின் விருப்பமோ நோயாளியின் கைக்காசோ தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. ஒரு வருஷம் கழித்துக் கண்ணைப் பார்த்தார்கள். பார்வையின் எண்ணோடு நிறுத்தாமல், தூரம் தெரிகிறதா, வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போனால் தடுமாற்றம் உண்டா, தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போக முடிகிறதா என்றெல்லாம் கேட்டார்கள். எங்கள் தாளில் இல்லாத கட்டங்கள் அந்தத் தாளில் இருந்தன.

1998-இல் முடிவுகள் அச்சில் வந்தன. பயந்த அளவுக்கு ஆபத்து இல்லை. லென்ஸ் வைத்தவர்கள் பார்வையிலும் அன்றாட வாழ்க்கையிலும் தெளிவாக முன்னால் நின்றார்கள். அதே மதுரையில் 1992-இல் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டில் நூறு டாலர் பக்கம் விற்ற லென்ஸைப் பத்து டாலருக்கும் கீழே கொண்டுவந்திருந்தது. லென்ஸ் கைக்கெட்டும் விலையில் இருந்ததால் ஆய்வின் முடிவு காகிதத்தோடு நிற்காமல் முகாம்வரை போனது.

அந்த 3,400 பேரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. இரண்டு கண்ணிலும் பார்வை குன்றிய நிலையில், எந்த ஆபரேஷன் தனக்கு விழும் என்று தெரியாமல் சம்மதித்தவர்கள். பாதிப் பேருக்குப் பழைய முறை விழுந்தது. அவர்களும் திரும்பி வந்து கண்ணைக் காட்டினார்கள். இன்று இந்த மண்ணில் எந்த முகாமிலும் லென்ஸ் இல்லாமல் புரை ஆபரேஷன் என்ற பேச்சே கிடையாது என்றால் அதற்கு அவர்களும் காரணம். அவர்கள் பெயரை எந்தச் சுவரிலும் யாரும் எழுதவில்லை.

அந்த ஆய்வு எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்ததல்ல. ஆனால் அதைப் படித்த எங்கள் பெரிய டாக்டர், ஆபரேஷன் ஆனவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். போஸ்ட் கார்டு போடுவோம். பாதி பதில் வராது. மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். களத்துமேட்டில் நிற்கிற தாத்தா, “கண்ணுதான் நல்லாத் தெரியுதே, எதுக்கு வரணும்?” என்பார். இன்னொரு வீட்டில் பாட்டி திண்ணையின் மூலையில் உட்கார்ந்திருப்பார். கண் சரியாகவில்லை, விதி என்று விட்டுவிட்டார். நன்றாக இருப்பவரும் வருவதில்லை, நம்பிக்கை விட்டவரும் வருவதில்லை. நடுவில் இருப்பவர்களை மட்டும் எண்ணி இத்தனை சதவீதம் வெற்றி என்று போட்டால் அந்த எண்ணில் உண்மை இருக்காது. வராதவரைத் தேடிப் போவது எவ்வளவு பெரிய வேலை என்பதை அந்தத் திண்ணைகள்தான் எனக்குக் காட்டின.

எண்ணாமல் விட்டால் கண்ணுக்கே தெரியாமல் போகிற விஷயங்கள் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பது அப்படி ஒன்று. அபூர்வம்தான்; வந்துவிட்டால் இரண்டே நாளில் கண் போய்விடக்கூடும். ஒரு முகாமில் அடுத்தடுத்த கட்டில்களில் அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். கட்டுப் பிரித்த நர்ஸின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் செலுத்தினால் இது குறையுமா என்பதை ஒரு டாக்டர் தன் ஆயுசு முழுக்கப் பார்த்தாலும் சொல்ல முடியாது, அவ்வளவு அரிது. ஐரோப்பாவில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செஃபுராக்ஸிம் மருந்தைச் சோதித்தார்கள். தொற்று ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. அரவிந்தில் மாக்ஸிஃப்ளாக்ஸாசின் மருந்தைச் செலுத்தி, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களின் பதிவுகளைக் கூட்டி 2017-இல் வெளியிட்டார்கள்: பத்தாயிரம் கண்ணுக்கு 7 என்றிருந்தது 2 ஆனது. அந்த ஐந்து கண்களுக்கும் ஒவ்வொரு முகம் இருக்கிறது.

புதுசு எப்போதும் மேல் என்பதும் இல்லை. கதிரடிக்கையில் நெல் உமி கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண்ணோடு வருகிறவர்கள் எங்கள் வாசலில் ஏராளம். பழைய நேட்டாமைசின் சொட்டு மருந்து இருக்க, விலை கூடிய வோரிகோனசோல் வந்ததும் அதுதான் நல்லது என்று பலர் மாறத் தொடங்கினார்கள். மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2013-இல் வந்தது. பழைய மருந்துதான் ஜெயித்தது, அதிலும் ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில் தெளிவாக. கூலிக்காரர் ஒருவர் நகையை அடகு வைத்துப் புது மருந்து வாங்குவதை அந்த 323 பேர் நிறுத்தியிருக்கிறார்கள்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். சொந்தக்காரர்களை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறவள் நான்தான். காலையில் போய் மத்தியானம் வீடு திரும்புகிறோம். தையல் இல்லை, மறுநாளே முகம் தெரிகிறது. அந்த அப்பத்தாவின் தலைமுறை கனவிலும் நினைக்காதது இது. ஆனால் கவுன்சலிங் அறையில் விரிக்கிற லென்ஸ் அட்டையைப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. மேலே போகப் போக விலை ஏறுகிறது. ஏன் ஏறுகிறது என்று கேட்டால் ‘லேட்டஸ்ட்’ என்ற பதில். லேசரால் கீறுவது கத்தியைவிட நல்லது என்று கூடுதல் தொகை கேட்கிறார்கள். பிரான்ஸில் ஐந்து மருத்துவமனைகளில் 900-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் லேசருக்கு எந்த மேன்மையும் கிடைக்கவில்லை, செலவுதான் கூடியது. 2007-இல் வெளிவந்த நேபாள ஆய்வு ஒன்றில் 108 பேரை வைத்து, மெஷின் வைத்துச் செய்கிற பேக்கோவையும் மெஷின் இல்லாமல் சின்னக் கீறலில் கையால் செய்கிற ஆபரேஷனையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் இரண்டும் சமம். கையால் செய்தது சீக்கிரம் முடிந்தது, செலவும் குறைவு. இதையெல்லாம் அட்டையில் யாரும் அச்சடிப்பதில்லை. அன்றைக்கு ஏழைக்கு லென்ஸ் வேண்டாம் என்று ஆய்வு இல்லாமல் சொன்னார்கள். இன்றைக்கு இந்த லென்ஸ்தான் வேண்டும் என்று ஆய்வைக் காட்டாமல் சொல்கிறார்கள். கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பத்துக்கு இது அநியாயம்.

உலக அளவில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. எத்தனை ஆபரேஷன் என்பதோடு நிற்காமல், ஆபரேஷனுக்குப் பின் 6/12 அளவுக்காவது பார்வை கிடைத்ததா என்று எண்ணுகிற அளவுகோலை உலக சுகாதார நிறுவனம் கையில் எடுத்திருக்கிறது. 2030-க்குள் அதை 30 சதவீதப் புள்ளி உயர்த்த வேண்டும் என்று 2021-இல் நாடுகள் ஒப்புக்கொண்டன. நம் ஊர் ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் இந்தக் கணக்கை, வராதவர்களையும் சேர்த்து, வரவேற்பறையில் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

போன வருஷம் அண்ணன் மகனுக்குப் புரை. ராத்திரி சர்வீஸ் பஸ் ஓட்டுகிறவன். மல்டிஃபோகல் லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியைச் சார்ந்திருப்பது குறையும் என்பது மெய்தான். விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் கூச்சமும் அதிகம் என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. அவனை உட்காரவைத்து, எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட்டை நினைத்துக்கொண்டு முடிவு பண்ணு என்றேன். “அத்தை, இதை ஏன் அங்க யாரும் சொல்லல?” என்று கேட்டான். மறுநாள் இருவருமாகப் போய் அதே கேள்வியை அந்த மேசையில் வைத்தோம். சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டான். டிரிப் ஷீட் எழுத மட்டும் சட்டைப் பையில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறான்.