அடியில்லாப் பானை

அக்னி நட்சத்திரம் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலக நண்பர்கள் நான்கு பேர் மதுரையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறக்கப் போன மனைவியைத் தடுத்து, கூடத்து மூலையில் முக்காலி மேல் வைத்திருந்த பானையிலிருந்து நானே நான்கு டம்ளர் மொண்டு வந்தேன். கொடுக்கும் முன் ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன். மண்பானைத் தண்ணீரின் மகிமை, கீழடி, 2,600 ஆண்டு, நாங்கள் மானாமதுரை வேளார் வம்சம், எங்கள் ரத்தத்திலேயே களிமண் ஓடுகிறது என்கிற வரைக்கும் போய்விட்டேன். மரியாதைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவர் முதல் மடக்குக் குடித்தார். இரண்டாவது மடக்கு குடிக்கவில்லை.

"சார், கேன் தண்ணி இருக்கா?"

தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. குளிப்பதற்கு நன்றாக இருந்திருக்கும்.

காரணம் நான்தான். பானை பார்க்கச் சாதாரணமாக இருக்கிறதே என்று முந்தைய மாதம் அதற்கு எனாமல் பெயின்ட் வாங்கி, அரக்குச் சிவப்பில் இரண்டு கோட்டிங் அடித்து, மஞ்சளில் பார்டர் கட்டி, அதன் மேல் கைகோத்து ஆடும் குச்சி மனிதர்களை வெள்ளையில் வரைந்திருந்தேன். அது மகாராஷ்டிரத்து வார்லி ஓவியம். வேளார் வம்சத்துப் பானையில் அது எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. பானை வியர்த்தால்தான் தண்ணீர் குளிரும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே தண்ணீர் கசிந்து, வெளிப்பக்கம் ஆவியாகி, போகும்போது உள்ளே இருக்கும் சூட்டையும் கொண்டுபோகும். ஐந்தாம் வகுப்புப் பாடம். நான் அத்தனை துளைகளையும் அடைத்துவிட்டிருந்தேன். நண்பர்கள் போன பிறகு மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பானைக்கு ரெயின்கோட் மாட்டி விட்டிருக்கீங்க."

இது முதல் குற்றம் அல்ல, கடைசியாகப் பிடிபட்டது.

எங்கள் அய்யா மானாமதுரையில் சக்கரம் சுற்றியவர். அப்பா படித்து வாத்தியாராகி வெளியேறிவிட்டார். சித்தப்பா மட்டும் சக்கரத்தோடு நின்றார். முழுப் பரீட்சை லீவுக்கு என்னை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பத்து வயதில் எனக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, கல் பொறுக்குவது.

கேட்க எளிதாக இருக்கும். கண்மாயிலிருந்து வரும் மண்ணைக் காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, மணல் கலந்து காலால் மிதிப்பார்கள். மிதிக்கிற காலுக்கே கல் தெரியும். நின்று குனிந்து எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி மிதிப்பார்கள். அதற்குப் பிறகும் தப்பியதைக் கையால் பிசையும்போது எடுக்க வேண்டும். அதுதான் என் வேலை. சாதாரணக் கல்லை விடச் சுண்ணாம்புக் கல்தான் வில்லன். பச்சைமிளகாய் விதை அளவுதான் இருக்கும், களிமண் பூசிக்கொண்டு களிமண் மாதிரியே நடிக்கும். நான் முதல் நாள் ஒழுங்காகப் பொறுக்கினேன். இரண்டாம் நாள் கல்லை எண்ணிக்கொண்டே பொறுக்கினேன். மூன்றாம் நாள், தெருவில் பம்பரம் விடும் சத்தம் கேட்டதால், பிசைந்ததாகப் பேர் பண்ணிவிட்டு ஓடிவிட்டேன்.

சூளை பிரித்தபோது பானைகள் செக்கச்செவேல் என்று வந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. திண்ணையில் அடுக்கினார்கள். நாலாம் நாள் ராத்திரி, எல்லோரும் படுத்த பிறகு, 'டக்' என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. விடிந்து பார்த்தால் ஒரு பானையின் வயிற்றில் காலணா அளவுக்குச் சில்லுப் பெயர்ந்திருந்தது. நடுவில் வெள்ளைப் பொட்டு. சூளையில் வெந்த சுண்ணாம்புக் கல், காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பி, பானையை உள்ளிருந்து தள்ளிவிட்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அப்படியே. மொத்தம் பதினொரு பானை. அதில் இரண்டு, அப்பத்தா சந்தையில் விற்றுவிட்டு வந்தவை. வாங்கிய அம்மாள் மறுவாரம் பானையோடு வீட்டு வாசலுக்கே வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சித்தப்பா அடிக்கவில்லை. ஒரு சில்லை என் உள்ளங்கையில் வைத்து, வெள்ளைப் பொட்டைக் காட்டி, "இது யாருன்னு தெரியுதாடா?" என்று கேட்டார். என்னது என்று கேட்கவில்லை, யாரு என்று கேட்டார்.

அந்தப் பட்டறைச் சுவரில் திருநீலகண்ட நாயனார் படம் தொங்கும். தில்லைக் குயவர். சிவனடியார் கொடுத்துவைத்த திருவோடு ஒன்று காணாமல் போனதால் வந்த வழக்கில் மனைவியோடு குளத்தில் மூழ்கி, நாயனார் ஆனவர். அவருக்கு ஒரு ஓட்டில் முக்தி கிடைத்தது. எனக்குப் பதினொரு பானைக்குக் கிடைத்தது, லீவு முடியும் வரை சந்தைக்குக் கூட்டிப்போகாத தண்டனை.

முப்பது வருடம் கழித்து, 2023-ல், மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தி வந்த அன்று நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டதைப் பார்த்தால், விண்ணப்பித்து வாங்கியதே நான்தான் என்று யாரும் நினைப்பார்கள். வாழ்த்துகள் குவிந்தன. 'நீங்களும் செய்வீங்களா சார்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'சின்ன வயசுல செஞ்சது' என்று பதில் போட்டேன். போட்டபின் தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை மானாமதுரைக்கு பஸ் ஏறினேன்.

சக்கரத்துக்கு இப்போது மோட்டார் வந்துவிட்டது. சித்தப்பா ஒரு உருண்டை மண்ணை நடுவில் அறைந்து, "உக்காரு" என்றார். மண் நடுவில் நிற்க வேண்டும். அதுதான் முதல் பாடம், அதுவே கடைசிப் பாடமும் ஆகிவிடும் போலிருந்தது. அது என் இடக்கையைத் தள்ளியது, வலக்கையை இழுத்தது. ஒருமுறை முழுசாகப் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் அப்பியது. ஐந்தாவது முறை சித்தப்பா பின்னால் குந்தி, என் கைமேல் தன் கையை வைத்தார். மண் சட்டென்று அடங்கியது. வகுப்புக்குள் ஹெட்மாஸ்டர் நுழைந்த மாதிரி. சுவர் எழும்பியது, வயிறு விரிந்தது, வாய் மடிந்தது. நூலைச் செலுத்தி அறுத்து, "தூக்கு" என்றார்.

தூக்கினேன். கீழே பார்த்தால் அடியே இல்லை. உள்ளே என் கால் தெரிந்தது.

"சித்தப்பா, அடி போச்சு!"

பட்டறையே சிரித்தது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எங்கள் பக்கம் குடிதண்ணீர்ப் பானையும் கடமும் சக்கரத்திலிருந்து இறங்கும்போது அடியில்லாமல்தான் இறங்கும். கொஞ்சம் காய விட்டு, உள்ளே ஒரு உருண்டைக் கல்லை ஏந்தி, வெளியே மரத்தட்டால் தட்டித் தட்டி, தடிப்பாக இருக்கும் அடிப்பக்கத்து மண்ணை இழுத்து இழுத்து அந்த ஓட்டையை மூட வேண்டும். பாதிப் பானைதான் சக்கரத்தில் பிறக்கிறது. மீதி, தட்டுகிறவர் மடியில். எங்கள் வீட்டில் அது எப்போதும் பெண்கள் மடி. பத்து வயதில் நாள் முழுக்க அந்தத் 'தப் தப்'பைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். அது ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்டேட்டஸ் போட மட்டும் தெரிந்தது.

சித்தி தட்டிக்காட்டினார். உள்ளே கல் இருக்கும் இடமும் வெளியே தட்டு விழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் மண் மட்டும். கல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. அவர் பானையைப் பார்க்கவே இல்லை. பேத்தியின் ப்ளஸ் டூ மார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டே தட்டினார். அவர் பேசப் பேச ஓட்டை கைக்குட்டை அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்து, மூடியே போனது. பிறகு என் பானையை என் மடியில் வைத்தார். நான்காவது தட்டில் கல் ஓரிடத்திலும் தட்டு வேறிடத்திலும் விழுந்தது. ஐந்தாவது தட்டில் மரத்தட்டு பானைக்குள்ளே வந்து என் கைக்கு வணக்கம் சொன்னது. மூட வேண்டிய ஓட்டை இரண்டு மடங்காகிவிட்டது. அதற்கு மேல் தட்டாமல் அப்படியே மூலையில் வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடித்தேன்.

இந்தத் தட்டல்தான் கடத்துக்கும் உயிர். பானைக்குச் சில நூறு தட்டு போதுமென்றால் கடத்துக்கு ஆயிரக்கணக்கில், நாள்கணக்கில் தட்ட வேண்டும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனம் வரும்வரை. ஒரு இடம் மெலிந்தால் நாதம் அங்கே படுத்துவிடும். சுருதியும் அளவிலும் கனத்திலும் மண்ணிலும் முடிவாகிச் சூளையிலிருந்து வருவது. மிருதங்கம் மாதிரி மேடையில் உட்கார்ந்து ஏற்றி இறக்க முடியாது. மானாமதுரைக் கடம் சென்னைக் கடத்தை விடக் கனமானது, வாசிக்கிறவர் விரலை நன்றாக வேலை வாங்கும். கடம் செய்ததற்காகவே எங்கள் ஊர் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதமி விருது வாங்கினார். நானும் பெருமையாக ஒரு கடம் வாங்கி வந்து வாசல் பக்கம் வைத்தேன். கொஞ்ச நாளில் அதில் குடைகள் சேர்ந்தன. ஒருநாள் கச்சேரிக்கு வாசிக்கிற நண்பர் ஒருவர் வந்து, குடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்துவிட்டு, கடத்தை ஒரு தட்டுத் தட்டிக் கேட்டு, "நாலு கட்டை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே காபி குடித்தார்.

மீன்குழம்புச் சட்டி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச் சட்டியை ஒருநாள் தண்ணீரில் ஊறப்போட்டு, கழுநீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்க வேண்டும் என்பது தெரியும். தெரிந்தும், அயிரை மீன் கிடைத்த அவசரத்தில், கேஸ் அடுப்பைப் பெரிசாக வைத்து நேராக ஏற்றினேன். சட்டி இரண்டானது. அடுத்த சட்டியைப் பழக்கினேன், ஆனால் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு ஊறவைத்தேன். தண்ணீரைக் குடிக்கிற மண் சோப்பைக் குடிக்காதா? அன்றைய குழம்பில் எலுமிச்சை வாசம் தூக்கலாக இருந்தது.

கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு சித்தப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள் என்பதையே அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே நான் கைடு ஆனேன். கறுப்பு-சிவப்புப் பானைகளைக் காட்டி, கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும், வெளிப்பக்கம் சிவக்கும் என்றேன். அவருக்கு. நான். தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஓர் அகழாய்வில் மட்டும் 56 கிடைத்தன என்றேன். ஆதன், குவிரன் என்று பெயர்கள். "எவர்சில்வர்ல பேர் வெட்டுற மாதிரிதான்" என்றார் அவர். "சீர் வரிசைல மாறிப் போயிரும்ல." எந்த ஆய்வாளர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், எனக்கு அதற்குப் பிறகு அந்த ஓடுகளைப் பார்த்தால் கல்யாண வீட்டுக் கொல்லைப்புறம்தான் ஞாபகம் வருகிறது.

பிறகு ஒரு பெரிய பானை உடைசல் முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தார். உள்பக்கத்தில் லேசான குழிகள் வரிசையாக இருந்தன. "கல்லு ஏந்துன தடம். எடது கைல ஏந்திருக்காக" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது; உடனே அதை வைத்து ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் விரல் அதற்குள் வேறிடத்துக்குப் போய்விட்டது. ஓட்டின் வெளிப்பக்கம், சில்லுப் பெயர்ந்த ஒரு சின்னப் பள்ளம். அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

"பாத்தியா. அன்னைக்கும் ஒருத்தன் பம்பரம் விடப் போயிருக்கான்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

எனாமல் பானை சம்பவத்துக்கு அடுத்த வாரம், வேறு பானை வாங்க மறுபடி போனேன். சித்தப்பா ஐந்து பானைகளை எடுத்து வரிசையாக வைத்து, "தட்டிப் பாத்து எடு" என்றார். விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன். சுட்டது சரியாக இருந்தால் வெண்கலச் சத்தம் வரும். கீறல் இருந்தால் கட்டையாகக் கேட்கும். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முதல் வரிசை ரசிகர் மாதிரி கேட்டு, மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கிச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி அதைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற இடத்துக்குக் கொண்டுபோனார். எனக்கு ஐந்தாவதை வைக்கோல் சுற்றிக் கட்டினார்கள்.

சித்தி பின்னாலேயே கொல்லைக்குப் போனேன். கிணற்றடி ஓரம் முழங்கால் உயரத்தில் ஒரு முருங்கைக் கன்று நின்றது. அதைச் சுற்றி, தலைகீழாக, அடி கிழிந்த ஒரு பானை. வயிறு ஒருபக்கம் சாய்ந்திருந்ததை வைத்தே அடையாளம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். பச்சை மண் இல்லை. சூளையில் இடம் போட்டுச் சுட்டிருந்தார்கள்.

"ஆடு வாய் வைக்க முடியல," என்றார் சித்தி. "இன்னும் ரெண்டு கன்னு இருக்கு. எப்ப வர்ற?"