அடக்கத்தில் உமக்கு நிகர் யார்?

கெட்ட கொழுப்பு என்று ஊரே உம்மைத் திட்டுகிறது. ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்று மூன்றெழுத்தில் அச்சாகும் உம்மை நான் புகழத்தான் போகிறேன். ரத்தம் எடுக்கும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்த அளவுக்கு உமது அருமை வேறு யாருக்குத் தெரியும்?

முதலில் உமது அடக்கம். சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகவைக்கும். காய்ச்சல் உடம்பைக் கொதிக்கவைத்து ஊருக்கே சொல்லிவிடும். நீர் 100 இருந்தாலும் 200 இருந்தாலும் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறுவார், பந்தியில் உட்காருவார், நிம்மதியாகத் தூங்குவார். எடுத்த ரத்தத்தை மெஷினில் சுழற்றிவிட்டுக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். அடியில் சிவப்பு தங்கியிருக்கும், மேலே வைக்கோல் நிறத்தில் சீரம். ட்ரைகிளிசரைடு எக்கச்சக்கமாக இருந்தால் அந்தச் சீரம் பால் ஊற்றினாற்போல வெளுத்துக் கலங்கிவிடும். அளந்து பார்க்கும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். உம்மிடம் அந்தப் பகட்டெல்லாம் கிடையாது. எவ்வளவு மிகுந்தாலும் சீரத்தைத் தெளிவாகவே வைத்திருக்கிறீர்.

அடுத்தது பொறுமை. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 1953-ல் எழுதினார்கள். சராசரி வயது 22. முக்கால்வாசிப் பேருக்கும் மேல் இதயத் தமனியில் நோயின் தடம் இருந்தது. மீசை அரும்பும் வயதிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறீர். பலனை ஐம்பதில் பார்த்தால் போதும் உமக்கு. தமனிச் சுவருக்குள் நுழைந்து தங்குகிறீர். உம்மை விழுங்க வரும் வெள்ளணுக்களும் கொழுப்பேறி அங்கேயே கிடந்துவிடுகின்றன. வருஷக்கணக்கில் திட்டு தடித்துக்கொண்டே வந்து, ஒருநாள் அதன் மேல்தோல் கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து வழி அடைபடும்போதுதான் பலருக்கு உமது பெயரே தெரியவருகிறது.

பாரபட்சமற்றவர் நீர். “ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்குங்க இந்த டெஸ்ட்?” என்று கேட்பவரிடமும் இருக்கிறீர். “முட்டைகூடத் தொடமாட்டேன்” என்பவரிடமும் இருக்கிறீர். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைச் செய்வது கல்லீரல்தான். தட்டில் கறி இல்லை என்பதற்காக அது வேலையை நிறுத்துவதில்லை. எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போடுகிறார்கள். அதில் பொய்யில்லை, எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கணக்கில் வராது. ஆனால் பாமாயிலிலும் தேங்காயெண்ணெயிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, உம்மை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் வேகத்தைக் கல்லீரலில் குறைத்துவிடுகிறது. உண்மையைச் சொல்லியே ஒருவரை அசர வைக்கும் திறமை உமது தரப்புக்கு வாய்த்திருக்கிறது.

ரிப்போர்ட் தாளில் முதல் வரியைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கிறீரே, அதை என்னவென்று சொல்வது! மொத்தக் கொலஸ்ட்ரால் 198 என்று இருக்கிறது. 200-க்குள் என்பதால் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழாது. தாளை வாங்கியவர் “நார்மல்” என்று மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். அதே தாளில் கீழே எச்.டி.எல். 32, ட்ரைகிளிசரைடு 180, நீர் 130. நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்து போனதால்தான் மொத்தம் 200-ஐத் தாண்டவில்லை. 198-இல் 32-ஐக் கழித்தால் வரும் 166 முழுக்க தமனியில் படியக்கூடிய வகையறா. நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் கணக்கு இது. மாரடைப்பு ஏற்கெனவே வந்தவர் என்றால் உம்மை 70-க்குக் கீழே, இப்போது 55-க்கும் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். ‘100-க்குள் நல்லது’ என்று தாளில் அச்சடித்திருப்பது அவருக்கானதல்ல.

தன்னைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் பெருந்தன்மையும் உண்டு. பல லேப்களில் உம்மை நேரடியாக அளப்பதில்லை. 1972-ல் ஃப்ரீடவால்டும் கூட்டாளிகளும் தந்த சூத்திரப்படி மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்திலொரு பங்கையும் கழித்து எழுதுகிறோம். காலையில் நாலு இட்லியை முடித்துவிட்டு, “வெறும் வயிறுதான்” என்று கையை நீட்டுபவருக்கு ட்ரைகிளிசரைடு ஏறியிருக்கும், கழிபடுவது கூடும், நீர் சற்றுக் குறைந்து தெரிவீர். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தச் சூத்திரமே செல்லாது, உம்மை நேரடியாகத்தான் அளக்க வேண்டும். சாப்பிட்டிருந்தால் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் தினமும் தொண்டைத்தண்ணீர் வற்றக் கேட்பது இதற்காகத்தான்.

விசுவாசத்தில் உம்மை யாரும் மிஞ்ச முடியாது. மாத்திரை போட்டதும் இறங்கிவிடுகிறீர். “நார்மல் ஆயிடுச்சு, டாக்டர்கிட்ட கேக்காம நானே நிறுத்திட்டேன்” என்று மாத்திரை போட்டவர் சொல்கிறார். சில வாரங்களில் பழைய இடத்துக்கே, பழைய அளவுக்கே, ஒரு சத்தமுமில்லாமல் திரும்பிவிடுகிறீர்.

அந்த விசுவாசம் தலைமுறை தாண்டியும் போகிறது. உம்மைப் பிடித்துக் கல்லீரலுக்குள் இழுக்கும் ஏற்பிகள் இருப்பதைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த ஏற்பிக்கான மரபணு பழுதான குடும்பங்களில் பிறந்த நாள்தொட்டே நீர் மிகுந்திருக்கிறீர். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இப்படி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பள்ளிக்கூடத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளையிடம் எந்த அடையாளமும் காட்டாமல் காத்திருப்பீர். அதனால் 190-ஐத் தாண்டிய தாளை ஒருவர் கையில் கொடுக்கும்போது நான் சேர்த்தே சொல்லி அனுப்புகிறேன்: “இதை உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. வீட்டுல அப்பா வழியிலயோ அம்மா வழியிலயோ யாராவது சின்ன வயசுலயே நெஞ்சுவலியில போயிருந்தா, அதையும் மறக்காம சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு எப்போ டெஸ்ட் எடுக்கணும்னு அவர்கிட்டயே கேட்டுட்டு, கையோட கூட்டிட்டு வாங்க.”