முளைக்கும் மூளைக்கும் ஒரே மூலக்கூறு

கேள்வி: கரடியனாற்று வயலில் முளைக்கும் நெல்லுக்கும் சைற்றிடினுக்கும் என்ன உறவு?

பதில்: பிறப்பிலேயே உறவு. சைற்றோசின் என்ற நைதரசன் மூலமும் றைபோசு என்ற ஐங்காபன் வெல்லமும் இணைந்ததே சைற்றிடின்: 9 காபன், 13 ஐதரசன், 3 நைதரசன், 5 ஒட்சிசன் அணுக்கள். மூன்று பொசுபேற்றுகள் சேர்ந்தால் அது முப்பொசுபேற்றாகும். அந்த வடிவிலிருந்தே ஆர்.என்.ஏ. இழையில் ஓர் எழுத்தாகச் சேர்ந்து, எதிரே வரும் குவானினை மூன்று ஐதரசன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கிறது.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கோலினைச் சுமந்து சென்று கலமென்சவ்வின் கொழுப்பைக் கட்ட உதவுகிறது. 1950களில் உயிர்இரசாயனவியலாளர் யூஜின் கென்னடியின் ஆய்வு இதைக் காட்டியது. நெல்லின் முளையிலும் உழவரின் மூளையிலும் நடப்பது இதே கட்டுமானம்தான்.

வேலை முடிந்ததும், ஒரு நொதியம் சைற்றிடினின் அமைன் கூட்டத்தைக் கழற்றி அதை யுரிடினாக்குகிறது.