தொடர எஃப்1 அழுத்தவும்

கறுப்புத் திரையில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஹார்ட் டிஸ்க் கூடிய சீக்கிரம் போய்விடும். உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு டிஸ்க்கை மாற்றவும். தொடர எஃப்1 அழுத்தவும்."

இதில் அப்பா படித்தது கடைசி வாக்கியத்தை மட்டும்தான்.

அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் "மிக அவசரம்" என்று வந்த சுற்றறிக்கைகளில் இனிஷியல் போட்டு அடுத்த மேஜைக்குத் தள்ளிய கை அது. காலையில் சிஸ்டத்தை ஆன் செய்வார், எஃப்1 தட்டுவார், பேப்பர் படிக்கப் போவார். நான் அந்த வாசகத்தைப் பார்த்துப் பதறியபோது, "அதுவா, அது தினமும் வர்றதுதான்" என்றார்.

டிஸ்க்குக்குள்ளேயே 'ஸ்மார்ட்' என்றொரு கணக்குப்பிள்ளை உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் பழுதாகி உபரி இடங்களுக்கு மாற்றப்பட்டன என்று எழுதிக்கொண்டே இருக்கும். கணக்கு ஓர் எல்லையைத் தாண்டினால்தான் வாயைத் திறக்கும். 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும்போது முதல் பிழையைக் காட்டிய டிஸ்க், அப்படிக் காட்டாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் செத்துப்போக 39 மடங்கு அதிக வாய்ப்பு என்றது அது. செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான அறிகுறி எதையும் காட்டாமலே போய்ச் சேர்ந்தன என்றும் அதே கட்டுரை சொல்கிறது. ஆக, சொல்லிவிட்டுச் சாகிற டிஸ்க் கிடைப்பதே ஒரு கொடுப்பினை. எங்களுடையது நல்ல டிஸ்க். சொன்னது. எஃப்1.

கடைசியில் அது 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. அக்கா மகன் ஐடியில் இருக்கிறான். இந்தப் பழைய பெட்டிக்கு விண்டோஸ் 11 ஏறாது என்று ஏற்கெனவே லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். "மாமா, எஸ்எஸ்டி வாங்கி மாட்டிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். கடைப் பையன் வந்து 240 ஜிபி எஸ்எஸ்டியை மாட்டினான். 500 ஜிபி பழைய டிஸ்க்கை அப்படியே இதில் இறக்க முடியாது என்பதால், அக்கா மகன் வேண்டியதை மட்டும் பிரதி எடுத்தான். போட்டோக்கள் தனியாக வேறு டிஸ்க்குக்குப் போயின.

மறுநாள் காலை: "சாட்டா-0 டிஸ்க்கைக் காணோம். தொடர எஃப்1, செட்டப்புக்கு எஃப்2."

விஷயம் இவ்வளவுதான். சாட்டா-0 என்கிற முதல் சாக்கெட்டுக்கு எட்டாத கேபிளைக் கடைப் பையன் அடுத்த சாக்கெட்டில் சொருகிவிட்டான். புது டிஸ்க் வந்திருக்கிறது, வேலை செய்கிறது, அதிலிருந்துதான் எல்லாம் ஏறவும் போகிறது. ஆனால் பெட்டிக்கு அதெல்லாம் கணக்கில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களை விட்டுவிட்டு "பெரியவர் வரலியா?" என்று கேட்கிற சித்தப்பாவுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? "வரலீங்க" என்றால் உள்ளே விடுவார். அந்த "வரலீங்க"தான் எஃப்1.

விசைப்பலகை இல்லை, எஃப்1 அழுத்தவும் என்று சொல்லும் கம்ப்யூட்டரைப் பற்றி ஊரெல்லாம் ஜோக் உண்டு. உண்மையில் அது அவ்வளவு முட்டாள்தனம் இல்லை. சொருகிவிட்டு அழுத்து என்று அர்த்தம். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியிலேயே, கோளாறு ஏதாவது தெரிந்தால் தொடர்வதற்கு எஃப்1-ஐத்தான் கேட்கும். நாற்பது வருடம் கழித்தும் அதே விசை. டிஸ்க் சாகிறது என்றாலும் எஃப்1, மூடியைத் திறந்திருக்கிறார்கள் என்றாலும் எஃப்1. ஆமாம், அதையும் சொன்னது. கேபினட் மூடிக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறதாம். கடைப் பையன் ஸ்க்ரூ கழற்றியதை அது கவனித்து வைத்திருந்து, அவன் போன பிறகு போட்டுக்கொடுத்தது.

செட்டப்புக்குள் போய் சாட்டா-0 என்ற வரியை அணைத்தேன். மூடிப் புகாரை அழித்தேன். எஃப்10 தட்டிச் சேமித்தேன். ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் ஒரு புகாரும் இல்லை.

அடுத்த நாள் காலை: "சாட்டா-0 டிஸ்க்கைக் காணோம்." கூடவே புதிதாக ஒன்று: "தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை."

இதற்குக் காரணம் எங்கள் வீட்டு மின் சிக்கனம். ராத்திரி படுக்கும் முன் சுவரில் இருக்கும் சுவிட்ச் அத்தனையையும் அணைத்துவிட்டுத்தான் அப்பா படுப்பார். கரண்ட் இல்லாத நேரத்தில் பெட்டியின் ஞாபகத்தையும் கடிகாரத்தையும் தாங்குவது மதர்போர்டில் இருக்கும் ஒரு பட்டன் செல். சிஆர்2032 என்று பெயர். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெயரில் இருக்கிற எண்ணே அதன் அளவுதான். அது தீர்ந்துபோயிருந்தது. பகலில் நான் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ராத்திரி மறந்துவிட்டு, காலையில் எழுந்து "பெரியவர் எங்கே?" என்று மறுபடியும் ஆரம்பிக்கிறது.

செல்லை மாற்றினேன். "இதுக்குத்தானா இத்தனை நாள் ஆர்ப்பாட்டம்?" என்று அப்பா பழைய செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுவிட்ச் விஷயம் மட்டும் பேச்சுவார்த்தைக்கு உட்பட்டதல்ல.

இனி பெட்டி வாயைத் திறக்காது என்று நினைத்தேன். பெட்டி திறக்கவில்லை, லினக்ஸ் திறந்தது. ஏதோ ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி. முடிவில் "1 நிமிடம் 30 விநாடி" என்று கெடு. அதன் ஓரத்தில் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக உலாத்தின. எஃப்1-க்கு இங்கே மரியாதை இல்லை, காத்திருந்தே ஆகவேண்டும். அப்பாவுக்கு இது பிடித்திருந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு நட்சத்திரங்களைப் பார்த்தார்.

அக்கா மகனை வீடியோ காலில் பிடித்தேன். டிஸ்க்கின் ஒவ்வொரு பிரிவுக்கும் 36 எழுத்து நீளத்தில் ஓர் அடையாள எண் உண்டாம். ஸ்வாப் என்கிற பிரிவை எஸ்எஸ்டியில் புதிதாகப் போட்டதால் அதற்குப் புது எண். எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் இருப்பதோ பழைய எண். லினக்ஸ் தினமும் அந்தப் பழைய ஆளுக்காக ஒன்றரை நிமிடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறது.

"முப்பத்தாறு எழுத்தையும் நான் சொல்லச் சொல்ல அடிக்கிறீங்களா மாமா?"

"வேற வழி இல்லையா?"

"அந்த வரிக்கு முன்னாடி ஒரு ஹேஷ் போட்டுடுங்க. இப்போதைக்கு ஸ்வாப் இல்லாமலே ஓடட்டும்."

போட்டேன். எஸ்எஸ்டியின் வேகம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆன் செய்து அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் டெஸ்க்டாப் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பழைய டிஸ்க் வேண்டும் என்றார். போட்டோக்கள் எல்லாம் பிரதி எடுத்தாயிற்று என்றேன். "பிரதி பிரதிதான், ஒரிஜினல் ஒரிஜினல்தான்" என்றார். யுஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டுச் சொருகிக் கொடுத்தேன். யுஎஸ்பி வழியாக வரும் டிஸ்க்கின் உடல்நிலையை எங்கள் டெஸ்க்டாப் ஸ்டார்ட் ஆகும்போது விசாரிப்பதில்லை. எச்சரிக்கை ஏதும் வரவில்லை. 'டிக், டிக்' சத்தம் மட்டும் வந்தது. அதுவும் அப்பாவின் காதுக்கு எட்டவில்லை.

"பாத்தியா, இப்ப ஒண்ணுமே சொல்லல" என்றார். "டிஸ்க் நல்லாத்தான் இருந்திருக்கு. நீதான் அவசரப்பட்டு மாத்திட்ட."