தேடினால் அவரே கிடைப்பார்

பிரிட்டிஷ் அரசு கணினிச் சேவை வாங்கும் லட்சணத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, 2011 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அதைக் கொள்ளைக்கான செய்முறை என்று வர்ணித்தது. ஒப்பந்தங்களை ஒரு சில பெரிய நிறுவனங்களே அள்ளிக்கொண்டிருந்த காலம் அது.

மருந்தாக 2012-ல் வந்தது ஜி-கிளவுட் என்னும் ஃபிரேம்வொர்க், அதாவது பொதுக் கொள்முதல் ஏற்பாடு. சிறு நிறுவனங்களும் இணையத்தில் விலைப்பட்டியலோடு கடை விரிக்கலாம். அரசு அலுவலகங்கள் தனி டெண்டர் விடாமலே வாங்கிக்கொள்ளலாம்.

விதி எளிது. தேவையை எழுத வேண்டும், அதற்கேற்ற சொற்களால் தேட வேண்டும், வடிகட்டி மிஞ்சியதில் சிறந்ததை எடுக்க வேண்டும். அத்தை மகனை மனத்தில் வைத்துக்கொண்டு ‘மணமகன் தேவை’ விளம்பரம் எழுதுகிறவர்களுக்கு இதில் உள்ள சௌகரியம் உடனே புரியும். சரியான சொற்களைப் போட்டுத் தேடினால், ஏற்கெனவே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நிறுவனமே திரையிலும் வந்து நிற்கும்! விற்பவரும் சளைத்தவரல்ல, கிளவுட், பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு என்று எந்த வலையிலும் சிக்கும்படி சேவை விவரத்தை எழுதி வைப்பார். தேடிய தடயம் மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்க வேண்டும். தணிக்கையாளர் கேட்பார்.

இப்படி உட்கார்ந்துவிட்டவை பெரிய நிறுவனங்கள் என்றால் அசைப்பது இன்னும் கடினம். பிரிட்டிஷ் அஞ்சலகங்களின் கணக்கு மென்பொருளான ஹொரைசனின் பிழைகளால் நூற்றுக்கணக்கான அஞ்சலக நடத்துநர்கள் திருட்டுப் பட்டம் சுமந்தார்கள். அந்த மென்பொருளைத் தந்த ஃபியூஜிட்சு நிறுவனம், அது பற்றிய பொது விசாரணை முடியும்வரை அரசு ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடுவதில்லை என 2024 ஜனவரியில் தானாகவே அறிவித்தது. ஆனால் ஏற்கெனவே இருந்த அரசு வாடிக்கையாளர்களுக்கு விலக்கு இருந்தது.