கைக்கு வருவதே சம்பளம்

கேள்வி: நியூயார்க் நகரில் ஆண்டுக்கு 1,00,000 டாலர் சம்பளம் பெறுபவரின் கைக்கு வருவது எவ்வளவு? வாடகைக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பதில்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது வேலை நியமனக் கடிதத்தில் காணும் சம்பளத்துக்கும் பொருந்தும். அந்நகரவாசியின் ஊதியத்தில் கூட்டரசு, மாநிலம், நகரம் என மூன்று அரசுகள் வருமான வரி பிடிக்கின்றன. அவற்றுடன் ஓய்வூதியம் முதலியவற்றுக்கான சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதமும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்கு 1.45 சதவீதமும் கழிகின்றன. 3.078 முதல் 3.876 சதவீதம் வரையுள்ள நகர வரி அங்குக் குடியிருப்போருக்கு மட்டுமே உரியது என்பதால், ஹட்சன் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியிலிருந்து வேலைக்கு வருபவர் அதைச் செலுத்துவதில்லை. 2024ஆம் ஆண்டு விகிதப்படி, மணமாகாத ஒருவரிடம் ஏறத்தாழ 30,000 டாலர் பிடித்தம் போக, மாதத்துக்குச் சுமார் 5,800 டாலரே மிஞ்சும். மருத்துவக் காப்பீட்டுத் தவணையும் ஓய்வுக்காலச் சேமிப்பும் கழிந்தால் அது மேலும் குறையும்.

ஆண்டு வருமானம் மாத வாடகையைப்போல் 40 மடங்கு இருக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்கள் கேட்பது அங்கு வழக்கம். அதன்படி 2,500 டாலர் வாடகைக்கு அவர் தகுதி பெற்றாலும், அவ்விதி வரிக்கு முந்தைய தொகையையே அளவாகக் கொள்வதால், கைக்கு வருவதில் 43 சதவீதத்தை வாடகை ஒன்றே விழுங்கிவிடும். ஆகவே, வீடு தேடும் முன் சம்பளச் சீட்டின் கடைசி வரியைப் பார்த்துக் கணக்குப் போடுவதே குடித்தனத்தைக் காக்கும்.